உப்புக்கை

வண்டியை ஓரமாக நிறுத்து. மாட்டை அவிழ்த்துவிடு. வண்டியில் கல்லின் மேல் மூடியிருக்கிற சாக்கு அப்படியே இருக்கட்டும், இப்போது எடுக்க வேண்டாம். எனக்கு அவசரம் இல்லை. உனக்கு இருந்தால் கிளம்பு.

நீ தேடி வந்த வயிரன் நான்தான். இந்தச் சுங்கச் சாவடியில் வேறு யார் இருக்கிறார்கள்? நானும் இந்தக் குறுக்குமரமும்தான். வண்டி வந்தால் மரத்தைத் தூக்குவேன். போனதும் இறக்குவேன். கால் வளைந்துபோனவனுக்கு அரசர் கொடுத்த பதவி.

உனக்கு முன்னால் வந்த சிற்பிகளை எல்லாம் துரத்தினேன். ஊரில் சொல்லியிருப்பார்கள். வந்து நின்றதும் எல்லோரும் ஒரே கேள்வி. "ஆவிரை எப்படி இருப்பாள்? கண் பெரிதா? கூந்தல் நீளமா?" போடா என்றேன். நீ இறங்கியதும் "கருவாயனுக்குத் தந்தம் எந்தப் பக்கம் வளைந்திருக்கும்" என்று கேட்டாய். அதனால் உட்காரச் சொன்னேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

என் யாளிக்கு இடது தந்தம் உள்பக்கம் வளைந்திருக்கும். வலது நேர். வலதில் நுனி இல்லை, ஒரு கோட்டைக் கதவில் விட்டுவிட்டு வந்தான். வாய் உள்ளே முழுக்கக் கறுப்பு. குட்டியில் அதைப் பார்த்துத்தான் கருவாயன் என்று பெயர் வைத்தேன். நான் வைத்த பெயர். ஆவிரையைப் பற்றிய பாட்டில் அவள் வைத்ததாக வருகிறது. பொய்.

யாளி வீரனுக்கு நடுகல் நடுகிற முறை உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் சொல்கிறேன், பிறகு தெரியாது என்று சொல்லக்கூடாது. யாளி ஒரே ஒரு கையிலிருந்துதான் உப்பு வாங்கும். குட்டியில் எந்தக் கை கொடுத்ததோ அந்தக் கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரனை உப்புக்கை என்போம். உப்புக்கை முதுகில் இருந்தால்தான் யாளி முழங்கும். மற்றவன் ஏறினால் எருமை மாதிரி நடக்கும், அவ்வளவுதான். போருக்குப் புறப்படும் முன்பு உப்புக்கை ஒரு பிடி கொடுக்க வேண்டும். அதை வாங்காமல் போன யாளி திரும்பி வராது என்று படையில் நம்பிக்கை.

அதனால் கல்லில் மூன்று பெயர். ஏறியவர் பெயர். யாளியின் பெயர். கடைசி உப்பைக் கொடுத்தவர் பெயர். மற்றக் கற்களில் முதலும் மூன்றும் ஒரே ஆளாக இருக்கும், கீழே ஒரு கோடு இழுத்துவிடுவீர்கள். இந்தக் கல்லில் அது முடியாது. ஏறியவள் வேறு. உப்புக்கை நான். நான் உயிரோடு இருக்கிறேன், நான் சொல்லாமல் இந்தக் கல்லை யாரும் நட முடியாது. அதனால்தான் நீ இவ்வளவு தூரம் மாட்டை அடித்துக்கொண்டு வந்தாய். தெரியும்.

மூன்றாவது பெயர் எனக்கு வேண்டும். கருவாயனுக்குப் பக்கத்தில் என் பெயர். அதற்காகத்தான் பேசுகிறேன்.

யாளியைப் பெரிதாகச் செதுக்கு. என் பெயரைத் தெளிவாகச் செதுக்கு. அவளைச் சிறியதாகச் செதுக்கு. வஞ்சனை இல்லை, அவள் சின்னவள்தான்.

சாம்பலரைப் பற்றி உன் வயதுக்காரனுக்கு என்ன தெரியும்? பாட்டில் கேட்டிருப்பாய். பாட்டில் அவர்களுக்குக் கொம்பு வைத்துவிட்டார்கள், நெருப்புக் கண் வைத்துவிட்டார்கள். அதெல்லாம் கிடையாது. மனிதன் மாதிரிதான் வருவான். முகம் மட்டும் இருக்காது. வெட்டினால் பொலபொலவென்று உதிர்வான். காற்று ஒரு சுற்றுச் சுற்றினால் மறுபடி கூடி எழுந்து நிற்பான். அவனுக்கு வலியும் இல்லை, களைப்பும் இல்லை. நமக்குத்தான் கை ஓய்ந்துபோகும். யாளி முழங்கினால் சிதறுவான், கூடி எழுந்திருக்க நேரம் பிடிக்கும். மழை பெய்தால்தான் ஒரேயடியாகக் கரைவான். அந்த வருஷம் மழை தள்ளிப்போனது. மழை வரும்வரை ஊசிக் கணவாயைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் போர். மற்றதெல்லாம் பாட்டுக்காரன் சேர்த்தது.

ஆள் போதவில்லை. வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று அரசர் முரசு அறைந்தார். ஆண் இல்லாத வீட்டிலிருந்து பெண். அப்படி வந்த சரக்குதான் ஆவிரை. முள்ளிக்கரையிலிருந்து. அப்பன் செத்துப்போனான், தம்பி தொட்டிலில். தலைக்கவசம் கொண்டுவா என்றால், பித்தளைக் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். குண்டானுக்குக் கீழே இரண்டு கால் தெரிந்தது. அவ்வளவுதான் அவள்.

படையே சிரித்தது. அவள் அழுதாள்.

எதற்கெடுத்தாலும் அழுவாள். அதட்டினால் அழுவாள். நல்லது என்றாலும் அழுவாள். சமையல்காரன் வெங்காயம் உரிப்பான், அவனுக்குக் கண் எரிகிறதே என்று இவள் அழுவாள். ஒன்று சொல்லிவிடுகிறேன். அழுதுகொண்டே வேலை பார்ப்பாள். வேலையும் நிற்காது, அழுகையும் நிற்காது.

முரசு அடிக்கிற தோடன் ஒருநாள் கத்தினான். "மழை வரலைன்னு ஏன்டா கவலைப்படுறீங்க? ஆவிரையைக் கொண்டுபோய்க் கணவாயில உட்கார வைங்க. ஒரு பொழுதுல சாம்பலான் அத்தனை பேரும் கரைஞ்சு ஓடிடுவான்."

நன்றாகச் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தத் தோடன்தான் இன்றைக்குச் சந்தை சந்தையாகப் போய் அவள் பாட்டைப் பாடிப் பிழைக்கிறான். சிரித்ததைப் பாட்டில் சொல்கிறானா? சொல்ல மாட்டான்.

வாள் கொடுத்தால் காலில் போட்டுக்கொண்டாள். அம்பு விட்டால் பின்னால் போனது. எங்கே வைப்பது என்று தெரியாமல், யாளிக் கொட்டடிக்கு உப்புச் சாக்குத் தூக்க அனுப்பினார்கள். சாக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். உப்பைத் தொடக்கூடாது. தொட்டதும் இல்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாக்கை இறக்கியதும் இரண்டு கையையும் தட்டி, மணலில் தேய்த்து, முந்தானையில் துடைப்பாள். அப்புறம்தான் யாளி பக்கம் திரும்புவாள். முறை தெரியாதவள் என்று சொல்ல மாட்டேன்.

என்னை வயிரண்ணா என்பாள். யார் இவளுக்கு அண்ணன்? ஒரு தடவை கேட்டேவிட்டேன். "எங்க ஊர்ல பெரியவங்களை அப்படித்தான் கூப்பிடுவோம்" என்று அழுதாள். சரி, தொலை என்று விட்டுவிட்டேன்.

இப்போது வருகிறேன். ஒருநாள் காலை, கணவாயில் பெரிய இழப்பு. யாளிகள் நாலைந்து விழுந்துவிட்டன. மிச்சம் இருந்ததைக் கொட்டடிக்கு ஓட்டிவந்து கட்டினோம். கருவாயன் உடம்பெல்லாம் சாம்பல். நான் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் சாக்கோடு வந்தாள். வழக்கம்போல் இறக்கினாள், தட்டினாள், துடைத்தாள். காலியாகக் கிடந்த கட்டுத்தறிகளைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டாள். கன்னத்தைத் துடைக்கிறாள், துடைக்கிறாள், உள்ளங்கை இரண்டும் நனைந்துபோச்சு.

கருவாயன் தலையைத் திருப்பினான். நாக்கை நீட்டினான். அவள் உள்ளங்கையை நக்கினான்.

கொட்டடியில் எவனோ மெதுவாகச் சொன்னான். "வாங்கிட்டான்டா."

அந்தக் கழுதைக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. "ஐயோ வயிரண்ணா, கடிச்சிடுவானா?" என்று என்னையே கேட்கிறாள்.

கண்ணீர் ஓர் உப்பா? நீயே சொல். நான் கொடுத்தது கடற்கரையிலிருந்து வரவழைத்த கல்லுப்பு. குட்டியாக மடியில் வந்த நாளிலிருந்து என் கையால் ஊட்டியது. நான் கஞ்சியில் உப்பில்லாமல் குடித்த நாள் உண்டு, அவனுக்குக் குறைத்த நாள் இல்லை. நான் கருவாயனிடம் அழுதுகாட்டியதில்லை. யாரிடமும் இல்லை. என் அம்மா செத்தபோதே அழவில்லை, கேட்டுப் பார். வீரன் அழக்கூடாது என்று இருந்தேன். இவள் வந்து கண்ணைக் கசக்கினாள், காரியம் முடிந்தது.

யாளிக்குப் புத்தி சொல்ல வேண்டியிருந்தது. அங்குசத்தை எடுத்தேன். அதிகம் இல்லை. காதுக்குப் பின்னால் கொஞ்சம். தும்பிக்கையில் கொஞ்சம். அப்புறம் ஏறினேன். ஏறினதும் உதறினான். பிடித்திருந்த கயிறு அறுந்தது. மக்கின கயிறு. திரித்தவனைத்தான் கேட்க வேண்டும். விழுந்தேன், கால் அடியில் மடங்கியது. அவன் முன்கால் முழங்காலில் பட்டது. தெரிந்து மிதிக்கவில்லை. அவனுக்கு என்னை மிதிக்க மனம் வராது.

என்ன பார்க்கிறாய்? கயிறு மக்கியிருந்தது என்றேன்.

காலைக் கட்டினவள் அவள். வைத்தியர் பிடித்துக்கொண்டார், இவள் மூங்கில் பத்தை வைத்து அழுதுகொண்டே கட்டினாள். கால் வளைந்ததற்கு அந்தக் கட்டுத்தான் காரணம். வைத்தியர் கட்டு நேர்தான் என்றார், நீ எழுந்து நடந்ததுதான் தப்பு என்றார். அவருக்கு என்ன தெரியும்? என் யாளியை இன்னொருவர் குளிப்பாட்டுகிற சத்தம் கேட்கிறது, படுத்துக்கிடப்பேனா?

தினமும் காலையில் என் கட்டிலுக்கு வருவாள். "வயிரண்ணா, இன்னிக்கு நாலு கவளம் தின்னான்." "வயிரண்ணா, காதுக்குப் பின்னால இருந்த புண்ணு ஆறிடுச்சு." "வயிரண்ணா, உங்க பேரைச் சொன்னா காதைத் தூக்குறான்." என் யாளியைப் பற்றி என்னிடமே வந்து சொல்கிறாள். எவ்வளவு திமிர் இருக்க வேண்டும். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பேன். மறுநாளும் வருவாள்.

சாம்பலர் விடவில்லை. ஒவ்வொரு யாளியாகப் போனது. கடைசியில் கருவாயன் ஒருவன்தான் மிச்சம். அவன் முழங்கினால் கணவாய் நிற்கும், இல்லாவிட்டால் போகும். எங்கள் தளவாய் கண்டிரன் என் கட்டிலுக்கு வந்தார். பெரிய மனிதர், உட்காரக்கூட இல்லை.

"வயிரா, அந்தப் பெண் ஏறினால் முழங்குமா?"

"முழங்காது."

"ஏற்றிப் பார்க்கலாமா?"

"யாளி என்னுடையது."

"யாளி உன்னுடையதுதான். கணவாய் எல்லாருக்கும்" என்றார். போய்விட்டார்.

அவ்வளவு மரியாதை எனக்கு.

ஏற்றிப் பார்த்தார்கள். நான் கட்டிலில் கிடக்கிறேன். எனக்குள் ஒரே வேண்டுதல். முழங்காதே, முழங்காதேடா. மலையே அதிர முழங்கினான். பின்னாலேயே டங்கென்று ஒரு சத்தம். குண்டான் விழுந்து உருண்டது. அதற்குப் பின்னால் அவள் அழுகை. பயந்துவிட்டாளாம். யாளியின் முழக்கத்துக்குப் பயந்து அழுகிறவள் யாளி வீராங்கனை. இதைப் பாட்டில் சொல்லச் சொல் பார்ப்போம்.

கேட்டுக்கொள், அந்த முழக்கம் என் முழக்கம். நான் பழக்கியது. மூச்சை எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும், எல்லாம் என் முழங்காலின் அழுத்தத்தில் கற்றது. அவள் மேலே உட்கார்ந்திருந்தாள். ஒரு மூட்டை நெல்லை வைத்திருந்தாலும் முழங்கியிருப்பான்.

மூட்டைக்கு முழங்காது என்கிறாயா? ஆமாம், முழங்காது. பேச்சுக்குச் சொன்னேன். குறுக்கே பேசாதே.

மறுநாள் விடிந்ததும் படை கணவாய்க்குப் போயிற்று. என்னைக் கட்டிலோடு தூக்கி வாசலில் வைத்துவிட்டு, தூக்கினவர்களும் போய்விட்டார்கள். எல்லோரும் போன பிறகு அவள் கருவாயனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். தலையில் குண்டான். கையில் ஈட்டிகூட நேராகப் பிடிக்கவில்லை.

"வயிரண்ணா, இவன் உங்க கையால வாங்கிட்டுத்தான் வரணும். அன்னிக்கு என் கையில நடந்தது தெரியாம நடந்தது. இதுதான் முறை."

தூரத்தில் தோடன் முரசு அடிக்கிறான். சீக்கிரம் வா என்கிற அடி. அவள் போகவில்லை. மேலிருந்து குனிந்தாள். "என்னை வேண்டாம்னா சொல்லிடுங்க, வயிரண்ணா. இறங்கிடறேன். ஆளைக் கூப்பிட்டு உங்களைத் தூக்கி ஏத்திக் கட்டிவிடச் சொல்றேன்."

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? இறங்கு என்றால் நாட்டைக் கெடுத்தவன் என்பார்கள். போ என்றால் என் யாளியை அவளுக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். இரண்டுமே அவளுக்குத்தான் லாபம். நான் ஏன் பேச வேண்டும்?

அப்போதுதான் நடந்தது. இதைத்தான் நீ கல்லில் கொண்டுவர வேண்டும். கருவாயன் தானாக ஓர் அடி முன்னால் வந்தான். அவள் ஓட்டவில்லை. மண்டி போட்டான். தும்பிக்கையை நீட்டி என் கையைத் தேடினான். நான் கையை மூடிக்கொண்டேன். மூடின கையை நக்கினான். விரல் இடுக்கெல்லாம் நக்கினான். முரசு அடித்துக்கொண்டே இருக்கிறது, அவன் பாட்டுக்கு நக்குகிறான்.

பார்த்தாயா? அவள் முதுகில் உட்கார்ந்திருக்கிறாள். அப்போதும் அவன் யாரிடம் வந்தான்? என்னிடம். அவளுடைய கண்ணீர் எங்கே போனது? கடைசி நாளிலும் அவன் என்னுடையவன். இத்தனை வருஷம் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள், பாட்டில் இல்லையே.

பிறகு எழுந்தான். அவள் "வரேன், வயிரண்ணா" என்றாள். போனார்கள்.

போரை நான் பார்க்கவில்லை. கேட்டேன். கட்டிலில் கிடந்தவனுக்குக் காதுதான். முழக்கம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. வெயில் ஏறியது. மறுபடி கேட்டது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்தது. மதியத்துக்கு மேல் மேகம் கூடியது. கடைசியாக ஒரு தடவை. அப்புறம் மழை வந்துவிட்டது. மழைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

சாம்பலர் கரைந்தார்கள். கணவாய் நின்றது. நாடு நின்றது. கணவாயின் வாயில் சாம்பல் சேற்றில் இரண்டு பேரும் கிடந்தார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. கால் இப்படி.

மழை பெய்ததற்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பருவம் தள்ளிப் பெய்கிற மழை, அன்றைக்குப் பெய்தது. நான் போயிருந்தாலும் பெய்திருக்கும். கயிறு மட்டும் நல்ல கயிறாக இருந்திருந்தால் இன்றைக்கு நீ என் மூக்கை அளந்துகொண்டிருப்பாய். என்னவெல்லாம் ஆனது பார். கூலிக்காரன் பாடுகிறான் அவளை. நாற்று நடுகிறவள் பாடுகிறாள் அவளை. இந்தச் சாவடியைக் கடக்கிற வண்டியில் நாலு பெண்பிள்ளை இருந்தால் இரண்டுக்குப் பெயர் ஆவிரை. வயிரன் என்று ஓர் எருமைக்குக்கூட யாரும் பெயர் வைக்கவில்லை. தலையில் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு பிள்ளைகள் விளையாடுகின்றன. என் கண் முன்னாலேயே. அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு வருகிற வண்டிக்கு நான் குறுக்குமரத்தை மெதுவாகத்தான் தூக்குவேன். கொஞ்சம் வெயிலில் நிற்கட்டும்.

தைரியம் என்கிறார்கள். அழுகிறவளுக்கு என்ன தைரியம்? பயப்படாமல் போனால் தைரியம். அவள் நடுங்கிக்கொண்டேதான் போனாள். நான் பார்த்தேன், கால் இரண்டும் யாளியின் விலாவில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்படிப் பயந்தவள் போவானேன்? போகாமல் இருந்திருக்கலாமே.

சரி. சொல்லிவிட்டேன். கல்லில் என் பெயரைச் செதுக்கு. நான் சம்மதம் சொல்கிறேன், நட்டுக்கொள்.

என்ன?

அன்று காலை கொடுத்தேனா என்றா? கொடுக்கவில்லை. அதுதான் சொன்னேனே, கையை மூடிக்கொண்டேன் என்று. காது கேட்கிறதா உனக்கு? உப்புக் கொடுக்கவில்லை. அதற்காக உப்புக்கை நான் இல்லை என்று ஆகிவிடுமா? அத்தனை வருஷம் கொடுத்த உப்பு எங்கே போகும்? ஒரு காலை கொடுக்காததா பெரிது? அந்த விஷயம் உனக்கு வேண்டாம். நீ பெயரை மட்டும் செதுக்கு.

ஏன் எழுந்து போகிறாய்? பேசிக்கொண்டிருக்கும்போதே… சாக்கை எடுக்காதே என்றேன். தம்பி, சாக்கை எடுக்காதே.

பெரிய கல்தான். நல்ல கருங்கல். இரு, வருகிறேன். கையைப் பிடிக்க வேண்டாம், எனக்கு நடக்கத் தெரியும்.

இது அவன்தான். தந்தம் மட்டும் இன்னும் வைக்கவில்லை, அதற்குத்தான் கேட்டாயா? நெற்றி சரி. கழுத்து இன்னும் தடிமன். இது அவள். குண்டான் வேறு வைத்திருக்கிறாய். ம். இது என்ன எழுத்து? ஆவிரை. கருவாயன். கீழே…

இது என் பெயர்.

செதுக்கியே கொண்டுவந்துவிட்டாய். நான் சொல்வதற்கு முன்னாலேயே. யார் செதுக்கச் சொன்னது? தோடனா? அவன் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னவன் இல்லையே. அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் அங்கே இல்லை, அவன் கணவாயில் முரசு அடித்துக்கொண்டிருந்தான்.

கணவாயில் அவளைக் கேட்டார்களா? உப்பு வாங்கியாச்சா என்று. ம், கேட்பார்கள். கேட்காமல் எவனும் விட மாட்டான். வாங்காத யாளிக்குப் பின்னால் ஒருவனும் நிற்க மாட்டான், ஓடிவிடுவான்.

அவள் என்ன சொன்னாள்?

சொல்லு. விழுங்காதே.

"வயிரண்ணன் கொடுத்துத்தான் அனுப்பினார். ரெண்டு கையாலயும் அள்ளிக் கொடுத்தார்." இப்படியா சொன்னாள்? இரண்டு கையாலும் என்றா?

அழுதுகொண்டா சொன்னாள்?

அழவில்லையா. அன்றைக்கு அழவே இல்லையா. தோடன் சொன்னானா.

ம்.

பொய் சொல்லத் தெரியாதவள் அவள். ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாக எடுத்துவிட்டால் தானே போய்ச் சமையல்காரனிடம் சொல்லி அழுவாள். அவள் பொய் சொல்லியிருக்கிறாள். என் பெயரில். பாட்டிலும் இருக்கிறதா? கடைசி அடியா? எனக்குத் தெரியாது. கடைசி அடிவரை நான் கேட்டதில்லை, அதற்குள் மரத்தைத் தூக்கி அனுப்பிவிடுவேன்.

பார்த்தாயா அவள் வேலையை? யாளியை எடுத்துக்கொண்டாள். போரை எடுத்துக்கொண்டாள். பாட்டை எடுத்துக்கொண்டாள். மிச்சம் இருந்தது இந்த ஒரு பெயர். அதையும் அவளே எடுத்து, அவள் கையாலேயே எனக்குப் போடுகிறாள். பிச்சை மாதிரி. இனிமேல் இந்தக் கல்லைப் பார்க்கிறவனெல்லாம் என் பெயரைப் படிப்பான். படித்து என்ன? அது அவள் கொடுத்த பெயர். நான் இத்தனை வருஷம் உன்னைப் போன்றவர்களைத் துரத்தித் துரத்திக் காத்தது இதற்கா?

அழி.

அழி என்றேன். உளியை எடு. முடியாதென்றால் என்னிடம் கொடு, நானே அழிக்கிறேன். நான் கொடுக்காத உப்புக்கு எனக்குப் பெயர் வேண்டாம். அவள் போட்டதில் நான் நிற்க மாட்டேன். கொடுக்கவில்லை என்று யார் கேட்டாலும் சொல்லு. வயிரனே சொன்னான் என்று சொல்லு. அவள் பொய் சொன்னாள் என்று எல்லாருக்கும் தெரியட்டும்.

இடம் வெறுமையாக இருக்கும் என்கிறாயா? இருக்காது. அந்த இடத்தில் ஒரு கை செதுக்கு.

கைதான். மூடின கை. கருவாயன் தலையைக் கொஞ்சம் தாழ்த்து, கல்லில் இடம் இருக்கிறது. நாக்கை நீட்டி வை. நாக்கு அந்தக் கைமேல் பட வேண்டும். அப்போது தெரியும் யாருடைய யாளி என்று. கணவாயைக் கடக்கிற ஒவ்வொருவனும் நின்று பார்ப்பான். "யார் கையப்பா இது? மூடியிருக்கிறதே, ஏன்?" என்று கேட்பான். கேட்கட்டும். பார்த்ததும் புரிந்துவிடும்.

அவள் முகத்தை இப்படி வைக்காதே. அழுகிற மாதிரி வைத்திருக்கிறாய். அன்றைக்கு அழவில்லை என்று நீதானே சொன்னாய்? மாற்று. உதடு நேராக இருக்கட்டும். பெரிதாக்க வேண்டாம், அளவு சரிதான்.

கையை அளக்க வேண்டுமா? இதோ. தடி கீழே விழட்டும், பரவாயில்லை. இப்படித்தான் வைத்திருந்தேன். கட்டைவிரல் உள்ளே. இறுக்கி. இவ்வளவு இறுக்கமாகவா என்று கேட்காதே, இவ்வளவுதான். இந்த முட்டிமேல்தான் நாக்குப் பட்டது. அப்புறம் இந்த இடுக்கில். அந்த ஈரத்தைக் கல்லில் காட்ட முடியுமா? முடியாதா? அப்புறம் என்ன சிற்பி நீ.

அன்றைக்கு உள்ளே என்ன இருந்தது என்று ஏன் கேட்கிறாய்? மூடின கைதானே, கல்லில் தெரியவா போகிறது?

உப்புதான். வேறு என்ன இருக்கும். அவன் வருவதைப் பார்த்ததும் பையிலிருந்து எடுத்துவிட்டேன். பழக்கம்.

அளந்து முடி. கை வலிக்கிறது.